கடுகளவு முகத்தில் ஒரு தாடி

பிள்ளைகளே, லென்ஸைத் திருப்பி மாட்டினால் படம் விழாது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போட்டோத் தொழிலுக்கு வந்த புதிதில், லென்ஸைத் துடைத்து மாட்டும்போது பக்கம் மாறிவிடக் கூடாது என்று, பித்தளைக் குழலின் முன்வாயில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். அந்தப் புள்ளி உள்பக்கம் போகும்படி நானே வேண்டுமென்று திருப்பி மாட்டிய ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

கூடத்துச் சுவரில் அம்பாசமுத்திரத்து நெற்பூப் படம் மாட்டியிருக்கிறதே, அதைப் பார்த்து வருகிறவர்கள் எல்லாரும் "இது என்ன தாழம்பூவா?" என்று கேட்கிறார்கள் அல்லவா? அதை எடுத்த முறையும் இதுதான். ஆனால் நாங்கள் முதலில் அப்படி எடுத்தது பூவையும் பூச்சியையும் அல்ல. ஒரு மனுஷனுடைய நாடியை, அதாவது மோவாயை.

நான் அதிகம் படித்தவன் இல்லை. கண்ணாடிக்குள் வெளிச்சம் எப்படி வளைகிறது என்பதை உங்கள் வாத்தியார் சொல்லுகிற முறையில் எனக்குச் சொல்ல வராது. கையால் செய்ததைச் சொல்லுகிறேன். புரியாத இடத்தில் மாமாவைக் கேளுங்கள். அவர் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுவார், சேர்த்ததைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நானும் உங்கள் மாமாவும் பாளையங்கோட்டையில் கூட்டாகத் தொழில் செய்துகொண்டிருந்தோம். தெருவை ஒட்டிய கொல்லையில் ஓலைத்தட்டி வைத்து மறைத்து, மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டியிருந்தோம். அதுதான் படம் பிடிக்கிற இடம். புதிதாய்க் கல்யாணம் ஆனவர்கள், சபைப் பெரியவர்கள், மாற்றலாகிப் போகிற உபாத்தியாயர்கள் எல்லாரும் வந்து அந்த நாற்காலியில் விறைத்து உட்காருவார்கள். மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. நான் லென்ஸ் மூடியை எடுத்த அந்த நேரம் பார்த்து ஏதாவது சொல்லிவிடுவார். உட்கார்ந்திருப்பவருடைய மீசை துடித்துவிடும். படம் விழுகிற கண்ணாடிப் பிளேட் பாழ். என்றாலும் அவரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. உடைந்த சாமான் எதையும் தூரப் போடமாட்டார். அது அன்றைக்கு உதவியது.

ஒரு நாள் காலையில் எங்கள் வாசலில் கருவாட்டு வண்டி ஒன்று நின்றது. கடற்கரை ஊரான உவரியிலிருந்து சந்தைக்குப் போகிற வண்டி. அதிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள். மாமியாரும் மருமகளும். மருமகள் இடுப்பில் ஒரு ஆண் குழந்தை. வண்டி போன பிறகும் வாசனை போகவில்லை. மாமியார் கையில் ஒரு கூடை இருந்தது.

"போட்டா புடிக்கிறவுக வீடு இதுதானா அண்ணாச்சி?" என்று மருமகள் கேட்டாள்.

"இதேதான். புள்ளைக்குப் படமா?" என்றார் மாமா. "இப்பமே புடிச்சிருவோம். அந்தக் கூடையை மட்டும் அங்கன தள்ளி வைங்க. இல்லன்னா படமும் மணக்கும்."

"மணந்தா என்ன?" என்றாள் மாமியார். "திங்கும்போது மட்டும் மணக்காதாக்கும் ஒங்களுக்கு!"

உங்கள் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

குழந்தையைப் படம் எடுக்க அவர்கள் வரவில்லை. மருமகள் ஓலைப்பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த ஒரு அட்டைப் படத்தை எடுத்தாள். கொழும்பில் ஒரு மாதா கோயில் வாசல். அங்கே துறைமுகத்தில் வேலை பார்க்கிற நம் கரையோரத்து ஆட்கள் திருவிழா அன்று கூட்டமாய் நின்று எடுத்துக்கொண்ட படம். அந்த ஊர்ப் பங்குச் சாமியார் அதை உவரிச் சாமியாருக்கு அனுப்பியிருக்கிறார். படிக்கட்டு நிறைய ஆட்கள். ஒவ்வொரு முகமும் கடுகளவு.

கூடையிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, படத்தில் படாமல் மேலே பிடித்து மருமகள் காட்டினாள். "இவருதான் எங்க வீட்டுல."

"இந்தக் கடுகை வச்சு எப்படித் தாயி சொல்லுத?" என்று மாமா கேட்டார்.

"மொகத்தை எங்க பாத்தேன்? நிக்கிறதைப் பாருங்க. எல்லாவரும் படத்துக்காவ நேரா நிக்காவ. இவரு கட்டுமரத்துல நிக்காப்புல காலை அகட்டிகிட்டு நிக்காரு."

பார்த்தேன். உண்மைதான். அத்தனை பேருக்கு நடுவில் அந்த ஒருவனுக்கு மட்டும் காலடியில் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது போலத்தான் இருந்தது.

"ஆளு இன்னாருன்னு ஒனக்கே தெரியுது. பெறகு நாங்க என்ன செய்யணும்?" என்றேன்.

"தாடி இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லணும் அண்ணாச்சி."

மாமா சிரிக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

விஷயம் இது. இந்தக் குழந்தைக்கு முன்னால் பிறந்த இரண்டும் அவளுக்குத் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது அவள் புருஷன் கொழும்புக்குத் தோணி ஏறினான். ஏறுவதற்கு முன் ஊர்க் கோயிலில் நேர்ந்துகொண்டான். இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்திருக்கிறது என்ற செய்தி காதில் விழும் வரைக்கும் முகத்தில் கத்தி படாது. விழுந்த அன்றைக்கே தாடியை எடுத்துவிடுவேன் என்று நேர்ச்சை. பிள்ளை பிறந்தது. சாமியாரிடம் சொல்லிக் காகிதம் எழுதிப் போட்டாள். பதில் இல்லை. இன்னொன்று போட்டாள். அதற்கும் இல்லை. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காகிதம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்திருந்தால் யாராவது படித்துச் சொன்னார்களா, ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் பிள்ளை கவிழ்ந்து, தவழ்ந்து, எங்கள் கொல்லையில் என் கேமராக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற அளவுக்கு வந்துவிட்டது.

"தாடி இருந்தா அவருக்கு இன்னும் தெரியாதுன்னு அர்த்தம்," என்றாள் மருமகள். "இதுவும் போயிட்டுன்னு நெனச்சுகிட்டு அங்கன கெடப்பாரு. எனக்கு அதுதான் தாங்கல."

"வேற எதுக்காவது சிரைச்சிருந்தா?" என்று மாமா கேட்டார்.

"நேர்ச்சைத் தாடியச் சும்மா சிரைக்கவா எம்மவன் பொறந்தான்?" என்று மாமியார் சீறினாள். "ஊருல எல்லாவளும் பாத்துட்டாளுவ. கறுப்பாத் தெரியுது, தாடிதாங்காளுவ. நான் நெழலுங்கேன்."

சாமியார் படத்தை இரவல்தான் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முதலில், பக்கத்துக் கடிகாரக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்கிற பூதக்கண்ணாடியை மாமா இரவல் வாங்கி வந்தார். அதை வைத்துப் பார்த்துவிட்டு, "நாடியில கறுப்பா என்னமோ இருக்கு. தாடின்னா தாடி. நெழலுன்னா நெழலு," என்றார். மருமகளிடம் கொடுத்தோம். அவளுக்கு அந்த வித்தை வரவில்லை. "ஒத்தக் கண்ணை மூடினா ரெண்டும் மூடிக்கிடுது அண்ணாச்சி," என்றாள். மாமியாரோ அதைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். ஆகக் கேமராவில் பெரிதாக்கித்தான் காட்ட வேண்டும்.

எங்கள் கேமராவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முன்னால் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி, நடுவில் மடிப்பு மடிப்பாய்த் துருத்தி. துருத்தியை நீட்ட நீட்ட, கிட்டே இருக்கிற பொருள் கண்ணாடியில் பெரிதாய் விழும். அட்டைப் படத்தை ஒரு பலகையில் குத்தி வெயிலில் நிறுத்தினேன். துருத்தியை முழுவதும் இழுத்தேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். கடுகு கடுகாகவே விழுந்திருந்தது.

"இன்னும் இழும் வே மாப்பிள," என்றார் மாமா.

"கிழிஞ்சிரும் மச்சான்."

மண்ணெண்ணெய் டின் வந்த மரப்பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. அதன் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, உள்ளே கறுப்புத் துணி ஒட்டி, துருத்திக்கும் லென்ஸுக்கும் நடுவில் வைத்துக் கட்டினோம். இப்போது கடுகு மிளகு அளவுக்கு வந்தது. ஆனால் பாலில் ஆடை படிந்த மாதிரி எல்லாம் மங்கல். நடுவில் ஒருவன் தெளிந்தால் அவனுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் கரைந்தார்கள்.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்த லென்ஸை எதற்காகச் செய்தார்கள்? எட்டத்தில் இருக்கிற பெரிய ஆளை, கிட்டத்தில் இருக்கிற சின்னப் பிளேட்டில் விழவைப்பதற்கு. முன்வாய் எட்டத்தைப் பார்க்கிறது. பின்வாய் கிட்டத்தைப் பார்க்கிறது. இப்போது நாங்கள் வைத்திருப்பதோ அப்படியே எதிர்மாறு. படம் லென்ஸுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, பிளேட்டோ எட்டத்தில். அப்படியானால் லென்ஸும் திரும்பி நிற்பதுதானே முறை?

சொன்னேன். மாமா தலையில் கை வைத்தார். "முதுகைக் காட்டி உக்காந்தவனுக்கு மொகம் விழுமா வே?"

திருப்பிய லென்ஸ் மரையில் ஏறாது. ஓட்டையைச் சுற்றி மெழுகு பூசி, துணி சுற்றி இறுக்கினேன். சுண்ணாம்புப் புள்ளி உள்ளே போயிற்று. துணிக்குள் தலையை விட்டேன். பிள்ளைகளே, பாலாடை விலகிவிட்டது. மிளகு அளவுதான், ஆனால் மூக்கு தெரிந்தது, தலையில் கட்டியிருந்த துணியின் முடிச்சு தெரிந்தது. நான் மாமாவை உள்ளே விட்டேன். வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை. வந்ததும், "முதுகுலயும் கண்ணு இருக்கு வே லென்ஸுக்கு," என்றார்.

மாமியாரும் பார்க்க வேண்டும் என்றாள். துணிக்குள் போனவள் அடுத்த நிமிஷமே கத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"எம்மவனத் தலகீழாத் தொங்க விட்டிருக்காவளே! ஏ அண்ணாச்சி, அவனை எறக்குங்க!"

தேய்த்த கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் விழும். எங்களுக்குப் பழகிப்போனதால் அது தோன்றுவதே இல்லை. எவ்வளவு சொல்லியும் அவள் கேட்கவில்லை. கடைசியில் பலகையில் குத்தியிருந்த அட்டைப் படத்தையே தலைகீழாகத் திருப்பிக் குத்தினேன். இப்போது கண்ணாடியில் அவள் மகன் நேராக நின்றான். அவளுக்கு மூச்சு வந்தது. இந்த வழி எனக்கு அதுவரைக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு படத்தைப் பெரிதாக்குகிற வேலை எது வந்தாலும் அப்படித்தான் குத்துகிறேன்.

மிளகு போதவில்லை. நாடியில் கறுப்பு இருப்பது தெரிந்தது. அது மயிரா நிழலா என்று சொல்ல முடியவில்லை. அப்போது மாமா தன் பெட்டியைக் கொண்டுவந்தார். எவனோ கீழே போட்டு உடைத்த கைக்கேமரா ஒன்றின் சின்ன லென்ஸ் அதில் கிடந்தது. "மாப்பிள, ஒண்ணத் திருப்பினதுக்கே இவ்வளவுன்னா, ரெண்டாச் சேத்துப் பாப்போமே," என்றார்.

சேர்த்துப் பார்த்தோம். எப்படிச் சேர்த்தாலும் சரிவரவில்லை. பெரியதும் திரும்பி, சின்னதும் திரும்பி நின்றால் ஒரே புகை. பிறகு பெரியதைப் பழையபடி நேராகவே மாட்டினேன். சின்னதை மட்டும் திருப்பி, பெரியதின் வாயோடு வாய் பொருந்தும்படி வைத்தேன். விழுந்தது! இப்போது எனக்குக் காரணம் தெரிகிறது. திருப்பிய சின்ன லென்ஸ், பக்கத்தில் இருப்பதை எட்டத்தில் இருப்பது போல மாற்றிக் கொடுக்கிறது. பெரிய லென்ஸ் அதை நம்பி, தன் வழக்கமான வேலையைச் செய்துவிடுகிறது. மரப்பெட்டியும் வேண்டாம், இழுபறியும் வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதற்கு ஒரு வளையம் வேண்டியிருந்தது. உங்கள் அம்மா துவையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவி முடித்த சிரட்டையை வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, விளிம்பைத் தேய்த்து, பெரிய லென்ஸின் வாயில் செருகினோம். சின்னது ஓட்டையில் உட்கார்ந்தது. கடுகு, கொண்டைக்கடலை ஆயிற்று.

அந்தச் சேர்க்கையில் ஒரு தொல்லை. வெளிச்சம் வெகு குறைவு. ஆகையால் லென்ஸ் வெகுநேரம் திறந்திருக்க வேண்டும். தெருவில் வண்டி போனால் நிலம் அதிர்ந்து படம் கலைந்துவிடும். மாமா தெருவுக்குப் போய் நின்றுகொண்டார். "அண்ணாச்சி, வண்டியக் கொஞ்சம் நிறுத்தும். உள்ள ஒரு ஆளு தாடியோட நிக்கானா, தாடியில்லாம நிக்கானான்னு பாத்துக்கிட்டிருக்கோம்," என்று அவர் யாரிடமோ சொல்லுவது கேட்டது. வண்டிக்காரன் என்ன நினைத்தானோ, நின்றுவிட்டான்.

நேரம் கணக்கிட நான் எப்போதும் மனதுக்குள் பரமண்டல ஜெபம் சொல்லுவேன். மாமியார் அந்தப் பக்கம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். என் ஜெபத்துக்கும் அவள் ஜெபத்துக்கும் வேகம் ஒத்துவரவில்லை. என் கணக்கு தப்பி, எந்த வரியில் இருக்கிறேன் என்று தெரியாமல், உத்தேசமாக மூடியைப் போட்டேன்.

பிளேட்டைக் கழுவி, சீக்கிரம் காய்வதற்காக ஸ்பிரிட்டில் முக்கி எடுத்து வெளியே கொண்டுவந்தேன். காய்வதற்குள் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டாள். பிளேட்டில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

"அய்யோ, நரைச்சுட்டானே!" என்று நெஞ்சில் கை வைத்தாள். "தாடியெல்லாம் வெள்ளையாப் போச்சே! கொழும்புத் தண்ணி எம்மவன இப்படிக் கெடுத்துட்டே!"

"மாமி, பைய. அண்ணாச்சி ஏதோ சொல்லுதாவ, கேப்போம்," என்று மருமகள் அவளைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நரைத்த தாடியோ கறுத்த தாடியோ, தாடி என்ற வார்த்தை அவள் காதில் விழுந்துவிட்டது.

பிளேட்டோடு அச்சுக் காகிதத்தைச் சேர்த்து வெயிலில் வைத்து அச்சு எடுத்தேன். பையப் பைய முகம் ஏறி வந்தது. தலைக்கட்டு, நெற்றி, மூக்கு, மீசை. மீசைக்குக் கீழே கன்னத்திலிருந்து நாடி வரைக்கும் ஒரே கறுப்பு.

மருமகள் பார்த்தாள். குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டுத் தட்டி ஓரமாய்ப் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் அம்மா கஞ்சியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். அது அப்படியே இருந்தது.

மாமாதான் அந்த அச்சை இன்னும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள, இங்க வாரும். இந்தத் தாடி எங்க போவுது பாரும்."

நாடியோடு அது நிற்கவில்லை. முகத்தின் ஓரத்தைத் தாண்டி, பக்கத்தில் நின்றவனுடைய வெள்ளைச் சட்டைத் தோள் மேல் ஏறியிருந்தது.

"எந்த ஊருல வே தாடி அடுத்த ஆளு தோளுல வளரும்?"

அட்டைப் படத்தைப் பலகையிலிருந்து எடுத்து, கடிகாரக்காரருடைய கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். நேராகப் பார்க்கும்போது தெரியாதது சாய்த்தபோது தெரிந்தது. மற்ற கறுப்பெல்லாம் காகிதத்துக்குள் இருந்தது. இந்தக் கறுப்பு மட்டும் காகிதத்துக்கு மேலே மேடாய் உட்கார்ந்து எண்ணெய் போல மினுங்கியது.

"இது படத்துல உள்ளது இல்ல. யாரோ மேல எதையோ வச்சிருக்காவ," என்றேன்.

மருமகள் எழுந்து வந்தாள். மாமியார் மட்டும் குழந்தையின் காலை ரொம்ப அக்கறையாய்த் துடைக்க ஆரம்பித்தாள்.

"மாமி?"

"என்னட்டி?"

"நீங்க எதுவும் வச்சீயளா?"

"ஊரு பூரா கையில எடுத்துப் பாத்துக்கிட்டுத் திரிஞ்சுது," என்றாள் மாமியார். "எல்லாவ கண்ணும் எம்மவன் மேலதான். நல்ல கண்ணும் இருக்கும், கொள்ளிக்கண்ணும் இருக்கும். ஒரு பொட்டு மை வச்சேன். ஈர்க்கு நுனியாலதான் வச்சேன்."

"மையா!"

"நான் கன்னத்துலல்லா வச்சேன்! நாடியில வைக்கலையே!"

கடுகளவு முகத்தில் கன்னம் எது, நாடி எது? மாமா ஓலைத்தட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாடியா நிழலா என்று வழியெல்லாம் மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவளுக்கு, தான் வைத்த பொட்டு அந்தச் சண்டைக்குள் இருக்கிறது என்று கடைசி வரைக்கும் தோன்றவே இல்லை. அவள் நினைப்பில் பொட்டு கன்னத்தில் இருந்தது; சண்டை நாடியைப் பற்றியது.

"அழிச்சுப் பாத்துருவோம் அண்ணாச்சி," என்றாள் மருமகள்.

"அழிக்கவா?" மாமியார் குழந்தையோடு எழுந்துவிட்டாள். "திருஷ்டிப் பொட்டை அழிச்சா அம்புட்டுக் கண்ணும் அவன் மேலல்லா விழும்! கடல் மேல வேலை செய்யுதவன். முடியாது. சொல்லிட்டேன்."

"அவருக்கு இவன் இருக்கது தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியணும் மாமி."

"எனக்கு அவன் நல்லா இருக்கணும்ட்டி."

இரண்டும் நியாயம். எனக்கு வேறொரு பயமும் இருந்தது. மையை எடுக்கும்போது முகமும் சேர்ந்து போய்விட்டால்? படம் சாமியாருடையது. மருமகளிடம் சொன்னேன்.

"மொகம் இந்தக் கண்ணாடியில ஏறிட்டுல்லா?" என்று முதல் பிளேட்டைக் காட்டினாள். "கண்ணு மூக்கு எல்லாம் இதுல இருக்கு. நாடி மட்டுந்தானே இல்ல. இல்லாததுதானே போவும்? சாமியாருகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

மாமியாரைத்தான் சம்மதிக்க வைக்க முடியவில்லை. அதை மாமா முடித்துவைத்தார்.

"ஆச்சி, பொட்டை மொகத்துலதான் வைக்கணும்னு சட்டமா? புள்ளைக்கு உள்ளங்கால்ல வைக்காவல்லா? படத்துக்குப் பின்னால வச்சிருங்க. முதுகுல வச்சாலும் அவனுக்குத்தானே?"

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பரிகாசம் செய்கிறாரா என்று பார்த்திருப்பாள். மாமா முகத்தை வேதம் வாசிக்கிறவர் மாதிரி வைத்துக்கொண்டார். சுருக்குப்பையிலிருந்து மைச்சிமிழை எடுத்தாள். அட்டையின் பின்பக்கத்தில், அவள் மகன் நிற்கிற இடத்தை உத்தேசித்து, வெகு கவனமாக ஒரு பொட்டு வைத்தாள். பிறகுதான், "ம், இப்பம் செய்யுங்க," என்றாள்.

விளக்குக் கரியில் ஆமணக்கெண்ணெய் குழைத்த மை. அதற்கு ஸ்பிரிட் ஆகும் என்று எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவின் தையல் ஊசியில் ஒரு இழை பஞ்சைச் சுற்றினேன். முதலில் படத்தின் ஓரத்தில், ஆள் இல்லாத படிக்கட்டில் தொட்டுப் பார்த்தேன். காகிதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு தோளிலிருந்து தொடங்கினேன். தேய்க்கக் கூடாது, தொட்டு, ஒற்றி, எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஒற்றலுக்கும் புதுப் பஞ்சு. அடுத்த ஆளின் சட்டை வெளுத்தது. முகத்தின் விளிம்பு வந்தது. நாடியில் இருந்த மையையும் ஒற்றி எடுத்தேன். அதற்கு மேல் என் கண்ணை நானே நம்பவில்லை. இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல், படத்தைப் பலகையில் தலைகீழாகக் குத்தி, சிரட்டையைச் செருகி, தேய்த்த கண்ணாடியில் தெளிவு பார்த்து வைத்தேன். அவளுக்கு முன்னால் நான் அதைச் சொல்லுவது சரியில்லை என்று எனக்குப் பட்டது.

"தங்கச்சி, நீயே போய்ப் பாரு," என்றேன்.

அவள் கறுப்புத் துணிக்குள் போனாள். நாங்கள் நின்றோம். மாமியார் ஜெபமாலையை எடுக்கவும் மறந்துவிட்டாள்.

பிறகு துணிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. "புள்ளையத் தாங்க மாமி." மாமியார் குழந்தையைக் கொடுத்தாள். கை அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. துணிக்கு வெளியே அவன் பிஞ்சுக் கால்கள் மட்டும் உதைத்துக்கொண்டு தெரிந்தன.

"பாருலே," என்று அவள் சொல்லுவது கேட்டது. "அங்கன பாரு. ஒங்கப்பன். வழுவழுன்னு சிரைச்சுகிட்டு மாப்புள மாதிரி நிக்காரு பாரு. ஒன்னயத் தெரியும்லே அவருக்கு. நீ இருக்கது தெரியும்."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உங்கள் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். மாமா சிரட்டைத் தூளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் துணிக்குள் குரல் மாறியது.

"ஏன்வே, தெரிஞ்சிருக்குல்லா ஒமக்கு? தெரிஞ்சு, சிரைச்சு, திருநாளும் கொண்டாடி, படத்துக்கும் நின்னிருக்கீரு. 'காயிதம் வந்துட்டு, சந்தோசம்'னு ஒரு ஆளுகிட்டச் சொல்லி எழுதிப்போட முடியலயோ? நான் இங்கன கருவாட்டு வண்டியில ஏறி, ஊரு ஊரா ஒம்ம நாடியத் தேடிக்கிட்டு அலையுதேன்."

"எட்டி, எம்மவன ஏசாதட்டி," என்றாள் மாமியார் கீழே உட்கார்ந்தபடியே. "அவனுக்கு எழுதத் தெரியாதுல்லா?"

"எழுதத் தெரியாது, சிரைக்க மட்டும் தெரியுமோ? நீங்க பேசாதிய மாமி! பொட்டு வச்ச கையி!"

மாமியார் அதற்குக் கோபிக்கவில்லை. சிரித்தாள். பக்கத்தில் ஆறிப்போயிருந்த கஞ்சியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள்.

அந்த முகத்தைப் பிடிப்பதற்கு இரண்டாவது பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அவள் வெளியே வந்தால்தானே தேய்த்த கண்ணாடியை எடுத்துவிட்டுப் பிளேட்டைச் செருக முடியும்? இந்தப் பிளேட்டுக்காக மாமா மறுபடியும் போய் நிறுத்திவைத்துவிட்டு வந்த வண்டிகள் தெருவில் இன்னும் நின்றன. ஒரு வண்டிக்காரர் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, தாடி இருக்கா இல்லியா? மாடு நிக்க மாட்டேங்கு," என்றார்.

"இல்ல. நீரு போம்," என்றார் மாமா.

வெயில் பலகையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. "மாப்பிள, வெளிச்சம் போவுது. கூப்பிடும் வே," என்று மாமா என் காதருகே வந்து சொன்னார். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். துணிக்குள் அவள் இன்னும் அவனை ஏசிக்கொண்டிருந்தாள். குழந்தை தேய்த்த கண்ணாடியைக் கையால் தட்டிக்கொண்டிருந்தான்.

அந்த இரண்டாவது படம் கொஞ்சம் மங்கல்தான். வெயில் போன பிறகு எடுத்தது.